ஒரே பக்கத்தில் அடங்கிய பட்டியல்

எங்கள் மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளிகள் நான்கே நான்கு. ரயிலடிப் பள்ளி, பாலத்துப் பள்ளி, மேட்டுப் பள்ளி, சந்தைப் பள்ளி. ஆண்டுதோறும் இந்த நான்கையும் ஒப்பிட்டுப் பட்டியல் போடுவது கல்வி அலுவலகத்தில் என் வேலை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மூன்றாம் நாள் அது அறிவிப்புப் பலகையில் ஏறிவிடும். வயலிலிருந்து காலைக்கூடக் கழுவாமல் ஓடிவருகிறவர்களும் அதைப் பார்த்துத்தான் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்வார்கள். அதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு.

முன்பு பட்டியல் இரண்டு பக்கம். இரண்டாம் பக்கத்தை ஒரு ஈ காக்கை பார்க்காது. "ஒரே பக்கத்துல அடக்குங்க, எதையாவது எடுத்துடுங்க" என்றார் அதிகாரி. எதை என்று அவர் சொல்லவில்லை. நான்தான் எடுத்தேன். பதினோராம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற கட்டம். எழுதியவர்கள், தேறியவர்கள், விழுக்காடு இருக்கும்போது சேர்ந்தவர்கள் கணக்கு எதற்கு என்று நினைத்தேன். பக்கம் பளிச்சென்று ஆகிவிட்டது. அதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

என் மகள் பத்தாம் வகுப்பு முடித்தபோது அந்தப் பட்டியலைத்தான் வீட்டில் விரித்தேன். வாய் ஓயாமல் பேசுவாள் என்பதால் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர் வைத்திருந்தோம். ரயிலடிப் பள்ளி தொண்ணூற்றெட்டு விழுக்காடு. போக இரண்டு பேருந்து மாற வேண்டும். சந்தைப் பள்ளி எழுபத்தொன்று. அங்கே மணி அடித்தால் எங்கள் சமையலறையில் கேட்கும்.

"அவளுக்குக் கணக்குன்னாலே பயங்க. சந்தைப் பள்ளி டீச்சர் சாயங்காலம் உக்கார வெச்சுச் சொல்லித் தர்றாங்களாம். பக்கத்துலயே சேர்த்துடலாம்" என்றாள் மனைவி.

"நூத்துல இருபத்தொம்பது பேர் ஃபெயில். தெரிஞ்சே கிணத்துல தள்ளச் சொல்றியா?"

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுங்க."

"அந்த ஏட்டை எழுதினவனே நான்தான்!"

அவள் எழுந்து உள்ளே போனாள். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன், மடையன்.

பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் சில்வண்டுக்குக் கணக்கில் பத்தொன்பது. ரயிலடித் தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். டீ வரவழைத்தார்.

"சார், நீங்க நம்ம டிபார்ட்மெண்ட். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. பொண்ணு எழுதினாத் தேற மாட்டா. ஃபெயில்னு ஒரு முத்திரை எதுக்கு? டி.சி. வாங்கிக்குங்க. அடுத்த வருஷம் வெளியில இருந்து தனியா எழுதட்டும்."

ஒரு கடிதத்தை நீட்டினார். 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது. மேசையில் அதேபோல ஒரு கட்டு. எண்ணிப் பழகிய கண் எண்ணிவிட்டது. பதினான்கு. தொண்ணூற்றெட்டு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எடுத்த கட்டம் இருந்திருந்தால் இப்படித் தேர்வெழுத விடாமல் அனுப்பப்பட்டவர்கள் எல்லாம் அதில் தெரிந்திருப்பார்கள். உறைத்தும் கையெழுத்துப் போட்டேன். பத்தொன்பது மார்க் வாங்கியவளின் அப்பன் என்ற வெட்கம்.

வெளியே பெஞ்சில் சில்வண்டு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எழுத விடச் சொல்லுப்பா. ஃபெயிலானாலும் பரவால்ல. எல்லார்கூடவும் போய் எழுதிட்டு வந்துடறேன்."

"சார் நல்லதுக்குத்தான் சொல்றார்" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் புத்தகத்தைத் தொடவே இல்லை. அடுத்த ஆண்டு விண்ணப்பம் வாங்கி வந்தேன். "வேண்டாம்பா" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. இப்போது அட்டைப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கிறாள். எதிர்வீட்டு மளிகைக்காரர் மகள் சந்தைப் பள்ளியில் படித்தாள். கணக்கில் தோற்றாள், மறுபடி எழுதினாள், தேறினாள், நர்ஸ் பயிற்சிக்குப் போய்விட்டாள். அவளை என் பட்டியல் தோற்றவர்களோடு சேர்த்திருந்தது.

இந்த ஆண்டுப் பட்டியலை நேற்று ஒட்டினேன். அந்தக் கட்டத்தை மறுபடி சேர்த்துத்தான் கொடுத்தேன். "பழையபடி ரெண்டு பக்கமா?" என்று அதிகாரி அதை அடித்துவிட்டார். நானும் அப்படியே ஒட்டிவிட்டேன். ரயிலடிப் பள்ளி நூற்றுக்கு நூறு.

இன்று மதியம் மகள் ஆலைக்குப் போகிற வழியில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். பலகை என் ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே நின்ற ஒரு விவசாயி அவளைக் கேட்டார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. எது நல்ல பள்ளிக்கூடம்னு போட்டிருக்கு?"

"ரயிலடிப் பள்ளிங்க. நூத்துக்கு நூறு."

"நெசமாவா?"

"எங்கப்பா போட்டதுங்க. தப்பா இருக்காது."

அவள் குத்திக் காட்டவில்லை. நம்பித்தான் சொன்னாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவரைக் கூப்பிட்டேன்.

"ஐயா, நில்லுங்க. உங்க பிள்ளைக்குக் கணக்கு வருமா?"

"கணக்கா? அந்தப் பேரைச் சொன்னாலே அழுதுடுவா."

"அப்போ ரயிலடி வேண்டாம். சந்தைப் பள்ளியில சேருங்க. தோத்தாலும் அங்க எழுத விடுவாங்க."

அவர் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டே போனார். மகள் ஜன்னல் பக்கம் வந்தாள். அந்தப் பெஞ்சில்கூட அழாதவளுக்கு இப்போது கண் நிறைந்துவிட்டது.

"கணக்கு வருமான்னு அன்னிக்கு என்கிட்ட ஏம்பா கேக்கல?"

சாப்பாட்டு டப்பாவை ஜன்னல் கட்டையில் வைத்தாள். இரண்டு மணிக்கு அவளுக்கு ஷிஃப்ட். பதிலுக்குக் காத்திருக்க நேரமில்லை.