கெமரா ஆடவில்லை

பழியை நான் கெமரா ஸ்டேண்டின் மேல்தான் போட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஷெரோன். கண்டியில் நஸீப் நானாவின் ஸ்டூடியோவில் கல்யாண வீடியோக்களை எடிட் பண்ணுகிறேன். ஆறு வருடமாக அடுத்தவன் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கொட்டாவியை வெட்டி எறிகிறவளுக்குச் சொந்தமாக ஒரு படம் எடுக்கும் ஆசை வரக் கூடாதா? வந்தது. கொழும்பில் குறும்படப் போட்டி ஒன்று. கையில் ஐந்து சனிக்கிழமை, கடைசிக்கு மறுநாள் அனுப்பிவிட வேண்டும். கதை சின்னது. கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கும் ஒருத்தி தான் குடியிருக்கும் லயத்து வரிசைவீட்டு வாசலிலிருந்து ஐந்து தடவை வெளியே வருகிறாள். நான்கு தடவை கூடையோடு. ஐந்தாவது தடவை வெறுங்கையோடு, அப்புறம் திரும்புவதில்லை.

அவளாக நடித்தது பாலம்மா அக்கா. அந்த லயத்திலேயே குடியிருப்பவர். முதல் சனிக்கிழமை நான் வாயைத் திறந்தாலே கெமராவைப் பார்த்து, "என்ன புள்ள?" என்பார். பொறுமை போய்க் கத்திவிட்டேன்.

"அக்கா, நான் என்ன கத்தினாலும் திரும்பாதீங்க. ஸ்டேண்டுல கெமரா நிக்கிற வரைக்கும் நடந்துக்கிட்டே இருங்க."

அன்றிலிருந்து அவர் திரும்பவே இல்லை. நாய் குறுக்கே ஓடினாலும் சரி, பக்கத்து வீட்டுப் பிள்ளை கேலி பண்ணினாலும் சரி, நடை மாறாது.

லயத்துக்கு எதிரே, ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு பாறை. ஸ்டேண்டின் மூன்று கால்களும் நிற்கும் இடத்தைப் பாறையில் சிவப்பு கியூடெக்ஸ் நகப்பூச்சால் குறித்து வைத்திருந்தேன். சனிக்கிழமைக்கு ஒரு நடை, எல்லாவற்றுக்கும் ஒரே பிரேம் வேண்டும்: கீழே லயம், அதன் கூரைக்கு மேலே சரிவில் நிற்கும் சீமெந்துச் சிலுவை. ஆனால் ஒவ்வொரு வாரமும் சிலுவை பிரேமில் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. ஸ்டேண்ட் பழசு, இறுகவில்லை என்று அதைத் திட்டியபடியே கெமராவைச் சற்றுத் தாழ்த்திச் சிலுவையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். தோட்டத்தில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை றெஜினோல்ட் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். "கெமரா ஆடுதுங்க" என்று அவரிடமும் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை ஸ்டூடியோவில் நான்கு காட்சிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓட்டினேன். சிலுவை அசையவில்லை. வீடு ஏறியது. வாரத்துக்கு வாரம் கூரை மேலே ஏறி, நான்காவது வாரம் சிலுவையின் அடியை மறைத்திருந்தது.

வீடு எப்படி ஏறும்? ஸ்டேண்டின் கால்கள் குறியை விட்டு நகரவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இறங்கியது சிலுவை. அது நிற்கும் மலை. என் கையாலேயே வாரா வாரம் அதை நேராக்கி மறைத்திருக்கிறேன்.

நஸீப் நானா பார்த்துவிட்டு, "இத மறுகா பாக்கேலா மகள், இப்பவே போங்க" என்று புரொஜெக்டரையும் கையில் தந்தார். கலஹா பஸ்ஸில் ஏறினேன். சனிக்கிழமை கடைசிக் காட்சியை எடுத்துவிட்டுச் சொன்னால் என்ன என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பொய் சொல்வானேன், பேராதனை தாண்டும் வரைக்கும் அதைத்தான் நினைத்தேன்.

அன்று மாலை தோட்டத்துச் சிற்றாலயத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தை ஓட்டினேன். லயத்தின் ஆறு குடும்பமும் வந்தது. பாலம்மா அக்கா நடப்பதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். பிறகு வீடு ஏறியது. சிரிப்பு நின்றது.

"எங்க வீட்டுக் கதவு சாத்த முடியல்ல," என்றாள் ஒருத்தி. "மழைக்கு ஊதிருச்சின்னு நெனச்சேன்."

"பைப்பு ரெண்டு தடவ கழண்டிருச்சி," என்றார் இன்னொருவர்.

றெஜினோல்ட் எழுந்தார். "நீதானே கெமரா ஆடுதுன்னு சொன்ன? தொர பெர்மிஷன் குடுத்தது படம் புடிக்க, சனத்தக் கெளப்ப இல்ல. இனி தோட்டத்துப் பக்கம் உன்னக் காணக் கூடாது."

"கெமரா ஆடல்லங்க. நான்தான் தப்பாச் சொன்னேன்," என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். கிராம சேவகருக்குப் போன் போட்டுப் பள்ளிக்கூடத்தைத் திறக்க வைத்தது பாலம்மா அக்கா. வெள்ளி மதியத்துக்குள் லயம் காலி.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆட்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பாலம்மா அக்கா மட்டும் என் பக்கத்தில் வந்தார்.

"இன்னைக்குத்தானே அஞ்சாவது? ஒருக்கா நடந்துட்டு வந்துர்றேன். அஞ்சு நிமிஷம்."

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் குற்றம் முழுக்க என்னுடையது. இருவரும் கணக்கப்பிள்ளையின் கண்ணில் படாமல் பின்வழியாகப் போனோம்.

சரிவு முழுக்கப் பனிமூட்டம். ஸ்டேண்டைக் குறிகளில் வைத்தேன். இந்த முறை கெமராவைத் தாழ்த்தவில்லை. பறவை ஒன்றுகூடக் கத்தவில்லை என்பதைக் கவனித்தேன். சத்தம் சுத்தமாக விழும் என்று சந்தோஷம்கூடப் பட்டேன். கையைத் தூக்கினேன். அக்கா வாசலிலிருந்து வெறுங்கையோடு வெளியே வந்தார். இதைவிட நல்ல நடையை நான் பார்த்ததில்லை.

பனி விலகியது. கூரைக்கு மேலே சிலுவை இல்லை. சாய்ந்துகூட இல்லை. அது நின்ற இடத்தில் சிவப்பு மண் ஈரமாகத் திறந்து கிடந்தது. ஓடைத் தண்ணீரும் சிவந்திருந்தது.

"அக்கா! ஓடி வாங்க!"

அவர் திரும்பவில்லை.

"அக்கா, படம் இல்ல! மண்ணு வருது!"

முகத்தில் ஒரு சலனமில்லை. கடைசி நடை, அவசரமில்லாமல் ஆறுதலாக நடக்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். லயத்து வாசல்களை ஒவ்வொன்றாகக் கடந்து ஆறுதலாக நடந்தார். தொண்டை கிழியக் கத்தினேன். கத்தக் கத்த அவர் தலை இன்னும் நிமிர்ந்தது.

ஸ்டேண்டை எட்டி உதைத்தேன். நஸீப் நானாவின் கெமரா பாறையில் மோதி, உருண்டு, ஓடையில் விழுந்தது.

அந்தச் சத்தத்துக்குத்தான் அக்கா திரும்பினார். "ஐயோ, கெமரா!" என்று அதைப் பிடிக்க ஓடி வந்தார். ஓடைப் பாலத்தைத் தாண்டியதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். ரோட்டு வளைவுக்கு வந்தபோது காலுக்குக் கீழே நிலம் உறுமியது. திரும்பிப் பார்த்தோம். கூரை ஒரு கணம் அப்படியே முன்னால் நகர்ந்து வந்தது. பிறகு லயமும் இல்லை, பாறையும் இல்லை.

இருவரும் ரோட்டிலேயே உட்கார்ந்தோம். அக்கா பேச வாயெடுத்ததே கோபமாகத்தான்.

"ஏன் புள்ள கெமராவத் தள்ளுன? நான் திரும்பவே இல்லியே. சரியாத்தானே நடந்தேன்?"

"சரியாத்தான் நடந்தீங்க அக்கா," என்றேன்.