வீட்டில் ஆள் இல்லை

அமெரிக்காவின் குளிர் ஊரான டுலூத்தில் நவம்பர் பிறக்கும் முன்னே ஹீட்டர் போடுகிறவர்களை ஊரே கேலி செய்யும். இந்த வருடம் அக்டோபரிலேயே போட்டுவிட்டேன். தம்பி ஆரினுக்காகத்தான். பக்கவாதம் வந்ததிலிருந்து அவனுக்கு எல்லாமே முன்னறை நாற்காலிதான். குளிர் பட்டால் இடது கை கட்டையாகிவிடும்.

போட்ட மூன்றாம் நாள் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பழைய தெர்மோஸ்டாட் செத்துப்போனது. பள்ளிக்கூடச் சமையலறையில் நாளெல்லாம் தட்டு கழுவிவிட்டு, வீங்கின காலோடு கடையில் போய் நின்றேன். திருகினால் சூடு வர வேண்டும், எனக்கு அது போதும். கடைக்காரன் விடவில்லை.

"இது ஆள் நடமாட்டத்தப் பாக்கும்மா. வீட்ல யாருமில்லன்னா தானா சூட்டக் குறைச்சிடும். நீங்க எதையுமே யோசிக்க வேணாம்."

யோசிக்க வேண்டாம் என்றதும் அந்தப் பேச்சில் விழுந்துவிட்டேன். அவ்வளவு அலுப்பு. அன்றே ஆள் வந்து முன்னறைக்கு வெளியே நடைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் மாலை கதவைத் திறந்தால் வீடு ஐஸ்பெட்டி மாதிரி இருந்தது. சுவரில் அந்தச் சனியன் பளிச்சென்று எழுதியிருந்தது: 'வீட்டில் ஆள் இல்லை. 55 டிகிரி ஃபாரன்ஹீட்.'

முன்னறையில் ஆரின் உதடு நீலம் பாரித்துக் கிடந்தான்.

"ஏன்டா, போன் மடியிலதான இருக்கு? கூப்பிட்டா என்ன கேடு?"

"இன்னும் நவம்பர் வரலையேக்கா. நீதான் மனசு மாறிக் குறைச்சிட்டேன்னு நெனச்சேன். குளிருதுன்னு எப்படிச் சொல்றது?"

"உனக்காகத்தானடா போட்டேன், எருமை! அந்த மெஷின்தான் குறைச்சிருக்கு. நீ அது முன்னால நடக்கலையாம், அதனால வீட்ல ஆளே இல்லையாம்."

ஒரு பக்க வாயால் சிரித்தான். "அதுக்கும் தெரிஞ்சுபோச்சா, நான் ஒரு ஆளே இல்லன்னு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் அவன் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கடைக்காரன் மேல் வந்த ஆத்திரத்தைவிட என் மேல்தான் அதிகம் வந்தது. யோசிக்காமல் இருக்க ஆசைப்பட்டவள் நான்தானே.

மறுநாள் அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டுக் கடை மேசைமேல் வைத்தேன்.

"ரிப்பேராம்மா?"

"இல்லப்பா. நல்லாத்தான் வேலை செய்யுது. திருகுறது ஒண்ணு குடு."

"அப்புறம் ஏன் திருப்பித் தர்றீங்க? காரணம் எழுதணுமே."

"எழுதிக்கோ. என் தம்பி வீட்ல இருக்கான்."