கல்லைத் திருப்பிப் போட்ட ஞாயிறு

நான் நாகர்கோவிலிலிருந்து தர்மபுரி பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தது எண்பத்தாறில். ஹாஜிராக்கா வீட்டு முன்னறையில் குடியிருந்தேன். சாயங்காலம் பேச்சுத்துணைக்கு அந்த அக்காவை விட்டால் ஆளில்லை.

வீட்டுக்குப் பின்னால் நாலு சுவருக்கு நடுவே வெறும் மண், ஒரு துணிக்கொடி. பெங்களூரில் தங்கை ரோஷன் பீ வீட்டில் வானத்துக்குக் கீழே நாற்காலி போட்டு டீ குடித்துவிட்டு வந்த அக்காவுக்கு அதே நினைப்பு.

"அவரு நாளெல்லாம் மண்டியில காத்தாட ஒக்காந்துக்கறாரு. எனக்கு அடுப்பும் செவுருந்தான டீச்சர்."

அக்காவின் வீட்டுக்காரர் உசேன் பாய் புளி வியாபாரி. அந்த இடத்தின் மேல் அவருக்கும் கண். "மாசியில புளி வந்துரும். அதுக்குள்ள ஒக்கார எடமா செஞ்சி காட்டு. இல்லன்னா எடம் எனக்கு" என்று சொல்லிவிட்டார்.

கருங்கல் பாலிஷ் பட்டறையில் கழித்த துண்டுகளை அக்கா ஒரு வண்டி வரவழைத்தார். கொத்தனார் மாரப்பன் பளபளப்பு மேலே தெரிய மணலில் பதித்தார். இடுக்கில் சிமெண்ட் பூசுவது பாக்கி. சுவரோரம் அவரைப் பந்தல், ஒரு டியூப்லைட், மூன்று மடக்கு நாற்காலி. இரண்டு பேருக்கு மூன்று எதற்கு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. தரையில் மேகம் நகர்வது தெரிந்தது. அப்படியொரு தரையை நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பாய் வந்து வெறுங்காலை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். அக்காவின் முகம் சுருங்கியது. பாயோ குனிந்து கல்லைத் தடவினார்.

"ஏ ஹாஜிரா, தோசக்கல்லாட்டம் இருக்குதே! புளி காய வெக்க இத வுட்டா எடம் ஏது? வழவழன்னு இருக்குது, ஒரு மண்ணு ஒட்டாது. திங்கக்கெழம லோடு இங்கயே எறங்கட்டும். நல்லா செஞ்ச."

பாராட்டிவிட்டுப் போய்விட்டார். அக்கா கொத்தனாரைக் கூப்பிட்டார்.

"மாரப்பா, அத்தினி கல்லயும் திருப்பிப் போடு. சொரசொரப்பு மேல வரட்டும்."

"கோணக்கல்லுங்க பீபிம்மா. திருப்புனா அதே எடத்துல பொருந்தாதுங்க. மொதல்ல இருந்து சேக்கோணும்."

"சேக்கலாம் வுடு."

"பாலிஷ மண்ணுல பொதைக்கறாங்கன்னு ஊரே சிரிக்குமுங்க."

"எங்கூட்டுப் பின்னால ஊருக்கு என்ன வேல?"

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் இறங்கினோம். அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு, ஒரு கல்லை நாலு பக்கம் வைத்துப் பார்ப்பார், தள்ளி வைப்பார், அதற்கான இடம் வந்ததும் சரியாக அதையே கேட்பார். அளவுநூல் தொடவில்லை. மாரப்பனே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். பொழுது சாயும்போது சிமெண்டும் பூசியாயிற்று. பந்தலடியில் ஒரே ஒரு கல் மட்டும் பளபளப்பு மேலே இருந்தது. அது அக்கா தனக்கென்று வைத்துக்கொண்டது.

திங்கட்கிழமை வாசலில் லாரி நின்றது. பாய் கைநிறையப் புளியோடு வந்து தரையில் பரப்பினார். திரும்ப எடுத்தால் பாதி கல்லிலேயே நின்றது.

"என்ன இது, ஒட்டுது?"

"ஒட்டத்தான் செய்யும்."

பாய் அக்காவைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார். லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"அதியமான்கோட்ட ஷெட்டுக்கு வுடுப்பா" என்று பாய் உள்ளிருந்தே குரல் கொடுத்தார். பிறகு மடக்கு நாற்காலியை விரிக்கத் தெரியாமல் திணறினார். அக்கா விரித்துக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், அங்க எதுக்கு நிக்கறீங்க? மூணாவது நாற்காலி யாருக்குன்னு நெனச்சீங்க?"