ரீஸ்டார்ட் பண்ணாத சர்வர்

என் வாய் கொஞ்சம் சும்மா இருந்திருந்தா என் மச்சினி இன்னைக்கும் எங்க ஆஸ்பத்திரி ஆபீஸ்லதான் இருந்திருப்பா.

டேட்டாபேஸ் என் பொறுப்பு. அதுலேர்ந்து ரிப்போர்ட் எடுக்க குவெரி, அதாவது கட்டளை, எழுதறது அவ வேலை. காலையில டாக்டருங்க ரவுண்ட்ஸ் கிளம்பறதுக்குள்ள எல்லாரோட டெஸ்ட் ரிசல்ட்டும் ஒரே பட்டியலா வந்தாகணும். வர்றதுக்கு நாற்பது நிமிஷம் ஆச்சு. டாக்டருங்க காச்சுமூச்சுன்னு கத்தினாங்க.

"மாமா, டேட்டாபேஸுக்கு மெமரி எவ்வளவு கொடுத்திருக்கீங்க?"ன்னு கேட்டா.

எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. "புதுசா போட்டப்ப இருந்த அளவையே வெச்சுட்டு உட்கார்ந்திருக்கேன்னு நினைச்சியா? முப்பது மடங்கு ஏத்தி ஒரு வருஷம் ஆகுது. முதல்ல உன் குவெரியைப் பாரு!"

மீட்டிங்லயும் மேனேஜர் முன்னாடி இதையே சொன்னேன். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. பத்தொன்பது தடவை மாத்தி மாத்தி எழுதினா, பாவம். ஒரு நிமிஷம்கூடக் குறையல. கடைசியில, "எனக்கு இது வராது மாமா"ன்னு வேலையை விட்டுட்டு ஒரு துணிக்கடை ரிசப்ஷன்ல போய் உட்கார்ந்தா. "இப்ப திருப்தியா உங்களுக்கு?"ன்னு கேட்ட என் பொண்டாட்டி ரெண்டு நாள் என்கூடப் பேசல.

போன செவ்வாய்க்கிழமை சர்வரை வேற ரூமுக்கு மாத்தினோம். நிறுத்திட்டு, திரும்ப ஆன் பண்ணினோம். மறுநாள் ரிப்போர்ட் ரெண்டே நிமிஷத்துல வந்து நின்னுச்சு. மேனேஜர் என் முதுகுல தட்டிக்கொடுத்தாரு. எனக்கு அப்பத்தான் விஷயம் உறைச்சுது.

செட்டிங் ஃபைல்ல மெமரி அளவை ஏத்தினது நிஜம்தான். ஆனா ரீஸ்டார்ட் பண்ணினாத்தான் அது நடைமுறைக்கு வரும். ஆஸ்பத்திரி சர்வரை நிறுத்த பத்துப் பேர்கிட்ட அனுமதி வாங்கணும், அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டேன். விட்டதையே மறந்துட்டேன். அது ஒரு வருஷமா பழைய அளவுலயே ஓடியிருக்கு. இப்ப எவ்வளவுன்னு டேட்டாபேஸையே கேட்க ஒரு வரி அடிச்சா போதும். அதுக்குத் துப்பில்லாம நாலு பேர் முன்னாடி அவளை அசிங்கப்படுத்தினேனே!

அவ முதல் தடவை எழுதின குவெரியைத் தேடி எடுத்து ஓட்டிப் பார்த்தேன். அதுவும் ரெண்டு நிமிஷம்தான். மேனேஜர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டு அவளுக்குப் போன் பண்ணினேன்.

"உன் மேல தப்பே இல்லம்மா. நீ முதல்ல எழுதினதே சரி. எல்லாம் நான் பண்ணின கூத்து. திரும்ப வந்துடு, மேனேஜரும் சரின்னுட்டாரு."

"அப்படியா மாமா?"ன்னு மட்டும் கேட்டா.

"என்னை நல்லா திட்டிடும்மா"ன்னேன்.

"போன வாரம் ஒரு பெரிய கம்பெனியில இதே வேலைக்குக் கூப்பிட்டாங்க மாமா"ன்னா. "எனக்கு குவெரியே எழுத வராதுன்னு நானே சொல்லிட்டு வந்துட்டேன்."