பன்னிரண்டாம் கேள்வி

படிவம் நிரப்புவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் கடைநிலை எழுத்தராகச் சேர்ந்து தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். பொருந்தாத சொல்லை ஸ்கேல் வைத்துத்தான் அடிப்பார். கையால் கோணலாக அடித்துக் கொண்டுவந்தவர்களை வேறு படிவம் வாங்கிவரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அலுவலகத்தில் அவருக்கு ‘ஸ்கேல் சார்’ என்று பெயர். நடக்கும்போது முதுகும் அப்படியே நிற்கும் என்பதால் பெயர் வைத்தவன் இரட்டிப்பு லாபம் அடைந்தான்.

ஆகவே தோல் மருத்துவமனையின் வரவேற்பில் இருந்த பெண், அவருடைய மகளிடம் படிவத்தைக் கொடுத்ததும் அவர் கை தானாக நீண்டது.

“குடும்மா, நான் எழுதறேன்.”

“எனக்கும் எழுதத் தெரியும்ப்பா.”

“தெரியும். ஆனா நீ கட்டத்துக்கு வெளியில எழுதுவ.”

மகள் சிரித்தாள். சிரித்தபோது இடது தாடை இழுத்தது. உடனே கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

பிறந்ததிலிருந்து அந்தத் தாடையில் ஒரு கருநீல மச்சம் இருந்தது. காதடியில் தொடங்கி முகவாய் வரை மை கொட்டிய மாதிரி. முப்பத்துமூன்று வயது வரை அதோடு இருந்தவள், போன வருடம் யாரையும் கேட்காமல் அழகு அறுவை சிகிச்சை செய்யும் ஒருவரிடம் நாள் குறித்துவிட்டு வந்து நின்றாள். “நான் கொடுத்த முகம் உனக்குப் போதலையா?” என்று அவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனார். உறவினர்களுக்குக் கடைவாய்ப் பல் ஆபரேஷன் என்று சொல்லியாயிற்று. மச்சம் போயிற்று. அது இருந்த இடத்தில் தையல் போட்ட தடம் மாதக்கணக்கில் சிவந்து, தடித்து, கயிறு மாதிரி எழும்பி நின்றது.

அவள் வேலை மூக்குக் கண்ணாடிக் கடையில். வருகிறவர்களின் கண்ணுக்குக் கண் ஒரு சாண் தூரத்தில் நின்று அளவெடுக்க வேண்டும், சட்டத்தை மூக்கில் பொருத்த வேண்டும், கைக்கண்ணாடியை நீட்டி “இது உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கு” என்று சொல்ல வேண்டும். அதில் அவள் கெட்டிக்காரி. மச்சத்தோடு பதினோரு வருடம் அந்த முன் மேசையில் நின்றவள். மச்சம் எல்லாருக்கும் பழகிப்போயிருந்தது, தழும்பு பழகவில்லை. “எங்கம்மா அடிபட்டுச்சு? யாரு அடிச்சாங்க?” என்று கேட்கத் தொடங்கினார்கள். முதலாளி நல்ல மனிதர். “ஆறட்டும்மா, அப்புறம் முன்னாடி வரலாம்” என்று சொல்லி அவளைப் பின்னறைக்கு மாற்றினார். அங்கே கண்ணாடி வில்லைகளின் விளிம்பைத் தேய்க்கும் எந்திரம் இருந்தது. அதை இயக்குகிற கிழவர், “வாம்மா மகராணி, இங்க உன்னையும் யாரும் பார்க்க மாட்டாங்க, என்னையும் பார்க்க மாட்டாங்க. நான் பல்லு கட்டாமலே இருபது வருஷம் ஓட்டிட்டேன்” என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முன் மேசைக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

பன்னிரண்டாம் கேள்வியில் அவருடைய பேனா நின்றது. *குடும்பத்தில் யாருக்கேனும் தழும்பு தடித்து வளரும் இயல்பு உண்டா? உண்டு / இல்லை.*

நின்றது ஒரு நொடிதான். சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்கேலை எடுத்தார். ‘உண்டு’ என்பதன் குறுக்கே நேராக ஒரு கோடு போட்டார்.

அவருக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் நெஞ்சில் ஒரு கட்டி வந்து உடைந்தது. ஆறிய இடம் அதோடு நிற்காமல் நண்டு கால் பரப்புகிற மாதிரி வளர்ந்தது. அவருடைய அக்காவுக்குத் தோளில், தடுப்பூசி குத்திய இடத்தில் அதே மாதிரி. கல்யாணம் நிச்சயமான பிறகு மாப்பிள்ளையின் அம்மா அந்தத் தோளைப் பார்த்துவிட்டாள். “தோல் வியாதிக் குடும்பத்துல பொண்ணு எடுக்க மாட்டோம்” என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அவர் அப்பா பிள்ளைகள் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார்: “இந்த வீட்ல யாருக்கும் எதுவும் கிடையாது. கேட்டா அதான் பதில்.” அக்கா நீளக்கை உடுப்போடு தனியாகவே வாழ்ந்து முடிந்தாள். அவர் கழுத்துப் பித்தானைக் கழற்றாமல் அறுபத்தேழு வயதுக்கு வந்துவிட்டார். மனைவிக்கு மட்டும் தெரியும். பிள்ளை முன்னால் அவர் துண்டோடு நின்றது கிடையாது.

டாக்டரம்மா மகளின் தாடையை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் அழுத்தினார்.

“ரெண்டு வழி இருக்கும்மா. ஒண்ணு ஊசி. மாசம் ஒரு தடவை தழும்புக்குள்ளயே போடுவோம். ஒன்றரை வருஷம் வரைக்கும் ஆகலாம். மெல்ல அமுங்கும், ஆனா முழுசா மறையாது. இன்னொண்ணு, இந்தத் தழும்பையே வெட்டி எடுத்துட்டு நைஸா மறுபடி தைக்கறது. பத்து நாள்ல தையல் பிரிச்சிடலாம். நல்லா அமைஞ்சா ஒரு நூல் மாதிரிதான் தெரியும்.”

“அமையலைன்னா?”

“சில பேருக்கு உடம்பு வாகு அப்படி. காயம் ஆறினப்புறமும் சதை நிக்காம வளரும். கெலாய்டும்பாங்க. அந்த உடம்புல கத்தி வச்சா முன்னைவிடப் பெருசா வரும். உங்களுது இதுவரைக்கும் பழைய காயத்தோட எல்லைய தாண்டல. அதனால பார்த்து மட்டும் அடிச்சுச் சொல்ல முடியல.” டாக்டரம்மா படிவத்தைப் புரட்டினார். “குடும்பத்துல யாருக்காவது இருந்தா நான் கத்தியத் தொடவே மாட்டேன். இல்லைன்னு போட்டிருக்கீங்க. ஐயா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. காது குத்தின இடம், தடுப்பூசி போட்ட இடம், பழைய கட்டி…”

மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். அறையில் குறிப்பெழுதும் பெண் ஒருத்தி இருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் நாலு பேர்.

“எங்க வம்சத்துல தோல்ல ஒரு புள்ளி கிடையாது, டாக்டர்” என்றார் அவர். குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

“அப்ப வெட்டிடலாம்ப்பா” என்றாள் மகள். அவள் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் வெகுநாளாகப் பார்த்ததில்லை. அந்த வெளிச்சத்தைக் கொடுத்தவர் தாமே என்றுகூட ஒரு கணம் அவருக்குத் தோன்றியது.

வீட்டில் மனைவி கேட்டாள்.

“ஏங்க, உங்க நெஞ்சுல இருக்கறதச் சொன்னீங்களா?”

“அது கட்டி வந்த வடு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“உங்க அக்காவுக்கும் கட்டிதான் வந்துச்சா?”

“செத்துப்போனவள எதுக்கு இழுக்கற? பொண்ணு சந்தோஷமா இருக்கா. நீ வாயத் திறந்து அதக் கெடுக்காத.”

மனைவி வாயைத் திறக்கவில்லை. முப்பத்தாறு வருடம் காத்த ரகசியம் அவளுக்கும் பழகிப்போயிருந்தது. மகளின் மச்சம் அவரிடமிருந்து வந்ததில்லை, தழும்பு மட்டும் ஏன் வரப்போகிறது என்று அவளும் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள்.

தையல் பிரித்த அன்று டாக்டரம்மா சொன்ன மாதிரியே இருந்தது. ஒரு நூல். மகள் கண்ணாடி முன்னால் நின்று அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மறு வாரம் முன் மேசைக்குப் போனாள். மாலையில் வந்ததும் வராததுமாகக் கதை சொன்னாள். ஒரு பாட்டி எட்டுச் சட்டம் போட்டுப் பார்த்துவிட்டு, “உனக்குப் போட்டுக் காட்டு, அப்பதான் தெரியும்” என்றாளாம். எட்டையும் இவள் தன் முகத்தில் மாட்டிக் காட்டினாளாம். “என் மூஞ்சியில, அப்பா! எட்டும்!” என்று சிரித்தாள். கை தாடைக்குப் போகவில்லை.

அது ஐந்து வாரம் நீடித்தது.

ஆறாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மகள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

“அரிக்குதுப்பா. காயம் ஆறும்போது அரிக்கும்தானே?”

“எந்த இடத்துல?”

“இங்க, நடுவுல. சொறிஞ்சா எரியுது.”

“சொறியாத. நகமே படக்கூடாது. விரல் முட்டிய வச்சு அழுத்து, அஞ்சு எண்ணு, விடு. ஐஸ் வைக்காத, வச்சா எடுத்தப்புறம் ரெண்டு மடங்கா வரும். ஈரத் துணிதான். வெயில்ல வேர்த்தா இன்னும் அதிகமாகும், அப்ப பவுடர் போட்டுடாத. ஓரம் அரிக்காது, நடுவுலதான் அரிக்கும். ஓரம் குத்தும், ஊசி குத்தற மாதிரி. வளர்றப்ப அப்படித்தான்…”

நிறுத்திவிட்டார். செய்தித்தாள் கையில் அப்படியே இருந்தது.

மகள் அவர் பக்கம் திரும்பினாள்.

“ஓரம் குத்துதுன்னு நான் சொல்லலையே.”

அவர் செய்தித்தாளை மடித்தார்.

“உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?”

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி வாசற்படி வரை வந்தாள். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மகள் கத்தியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் கத்தவில்லை. எழுந்து போய்த் துணியை நனைத்துக்கொண்டு வந்து தாடையில் வைத்துக்கொண்டு, “இப்படியாப்பா?” என்று கேட்டாள்.

“ஆமா” என்றார்.

மறுபடி மருத்துவமனைக்குப் போவதற்குள் தழும்பு தையலின் எல்லையைத் தாண்டிக் கழுத்துப் பக்கம் இறங்கியிருந்தது. வரவேற்பில் புதுப் படிவம் கொடுத்தார்கள். மகளே எழுதினாள். அவர் கை நீட்டவில்லை.

“முதல்லயே தெரிஞ்சிருந்தா…” என்று தொடங்கிய டாக்டரம்மா, அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் விட்டார். “சரி. ஐயா, உங்களுதக் காட்டுங்க. எத்தனை வருஷத்துல எவ்வளவு போயிருக்குன்னு பார்த்தா இவங்களுக்கு எது சரின்னு முடிவு பண்ணலாம்.”

குறிப்பெழுதும் பெண் இன்றைக்கும் இருந்தாள். கதவு இன்றைக்கும் பாதி திறந்திருந்தது. அவர் முதல் பித்தானைக் கழற்றினார். இரண்டாவது, மூன்றாவது. நான்காவதுக்கு நேரமாயிற்று. நெஞ்செலும்பின் மேல் தொடங்கி இரண்டு பக்கமும் கை விரித்து, பளபளவென்று, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது அது.

மகள் பார்த்தாள். பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. வேறொருவர் முகத்துக்கு அளவெடுக்கும்போது பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

டாக்டரம்மா சொன்னதில் சுற்றிவளைப்பு எதுவும் இல்லை. மறுபடி வெட்டினால் உடனே கதிர்வீச்சு வைக்க வேண்டும். கழுத்துக்குப் பக்கத்தில், இந்த வயதில், அதைத் தாம் பரிந்துரைப்பதற்கில்லை. லேசர் சிவப்பைக் குறைக்கும், மேட்டைக் குறைக்காது. மிச்சம் ஊசிதான். அதுவும் இனிமேல் பழைய அளவுக்குக் கொண்டுபோகாது. வளராமல் பிடித்துவைக்கும், அரிப்பைக் குறைக்கும். நிறுத்தினால் மறுபடி வரலாம்.

“முன்ன இருந்த தழும்பு அளவுக்காவது வருமா?” என்றாள் மகள்.

“வராதும்மா.”

“மச்சமே இருந்திருக்கலாம் போல.” யாரையும் பார்த்து அவள் அதைச் சொல்லவில்லை. பிறகு அவர் பக்கம் திரும்பினாள். “அப்பா, உங்களுக்கு எத்தனை வயசுல நின்னுச்சு?”

நாற்பதில் என்ற பதிலோ, ஐம்பதில் என்ற பதிலோ, எதுவாக இருந்தாலும் அவள் நம்பியிருப்பாள். அவருக்கு அது தெரிந்தது.

“நிக்கலம்மா. இன்னும் வளருது.”

அவள் தலையாட்டினாள். ஊசியையே தேர்ந்தெடுத்தாள். போடும் அறைக்குப் போகும் முன் முதலாளிக்கு போன் செய்தாள். “சார், நான் பின்னாடியே இருந்துக்கறேன். முன்னாடிக்கு வேற ஆள் பார்த்துக்கோங்க. இல்ல சார், ஆறட்டும்னு காத்திருக்க வேணாம்.”

கட்டிலில் படுத்தாள். தழும்புக்குள் போடுகிற ஊசி வலிக்கும் என்று நர்ஸ் சொன்னாள். அவர் பித்தான்களைப் போட மறந்தவராய்ப் பக்கத்தில் போய் நின்று, பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கையை நீட்டினார்.

மகள் தன் கைப்பையை அதில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.