கமலாட்சியின் சாதாளை

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்காலுக்கு வந்த கமலாட்சிக்கு, மீன்பிடிக் குடும்பத்து அற்புதம் தன் வளவின் பின்பக்கத்தில் ஒரு துண்டு நிலம் கொடுத்தாள். வெறும் மணல். சண்டைக் காலம்; வெடிமருந்து செய்துவிடுவார்கள் என்று வன்னிப் பக்கத்துக்குள் யூரியா வர அரசு தடை போட்டிருந்தது. உரமில்லாமல் அதில் என்ன வரும் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

கமலாட்சி கடற்கரைக்குப் போனாள். அலை ஒதுக்கிய கடற்பாசி, அந்த ஊரார் சாதாளை என்று சொல்வது, குவிந்து கிடந்தது. சாக்குச் சாக்காக அள்ளி வந்து கத்தரிக் கன்றுகளின் அடியில் மண்ணுக்குள் தாட்டாள்.

பக்கத்து வளவு வீரகத்தி வேலியால் எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்தினார்.

“உப்பு மண்ணை எரிச்சுப்போடும் பிள்ளை. நாத்தம் வேறை. உதை நிப்பாட்டு.”

“யூரியா கொண்டுவந்து தாங்கோ அண்ணை, நிப்பாட்டுறன்.”

ஆனால் அவர் சொன்னதே நடந்தது. இலைநுனி கருகி, கன்றுகள் ஒவ்வொன்றாகச் செத்தன.

“விடு கமலாட்சி,” என்றாள் அற்புதம். “நிவாரண அரிசி வருதுதானே.”

“அவங்கள் தந்தால் தின், தராட்டிக் கிட எண்டு என்னாலை இருக்கேலாது அக்கா. உப்புக் கழுவாமல் தாட்டது என்ரை பிழை. மாரி வரட்டும்.”

மாரிக்கு முன்பே சாதாளையை நிலம் முழுக்கப் பரப்பினாள். மழை உப்பைக் கழுவியது. உக்கத் தொடங்கியதும் சாணியோடு சேர்த்துக் கொத்திப் புரட்டினாள். தையில் வைத்த கன்றுகள் உள்ளங்கை அகல இலை விட்டு, பூத்துக் காய்த்தன.

இப்போது வேறு கதை கிளம்பியது. அவள் எங்கோ களவாக யூரியா வாங்கி ஒளித்து வைத்திருக்கிறாளாம். வீரகத்தி இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு படலையைத் தள்ளித் திறந்து வந்தார்.

“ஆரிட்டை வாங்கினனி? உண்மையைச் சொல்லு.”

கமலாட்சி மண்வெட்டியை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

“கிண்டிப் பாருங்கோ.”

அவர் தயங்கினார்.

“கிண்டுங்கோ எண்டுறன்!”

ஈர மண்ணோடு கறுத்து உக்கிய சாதாளை நார்நாராக வந்தது. கூட வந்தவர்களில் ஒருவர் அதைக் கையில் எடுத்து மணந்து பார்த்துவிட்டுத் தலை குனிந்தார்.

“இனி என்ரை படலையைக் கேட்டுப்போட்டுத் திறவுங்கோ,” என்றாள் கமலாட்சி.

அடுத்த கிழமை வீரகத்தி சாக்கோடு கரையில் நின்றார். அவள் அள்ளிக் குவித்திருந்ததைக் காட்டி, “இதிலை கொஞ்சம் எடுக்கட்டே?” என்று கேட்டார்.

“அது நான் அள்ளினது அண்ணை. கரை நீளமாக் கிடக்கு. குனிஞ்சு அள்ளுங்கோ.”

அவர் குனிந்தார். அவள் தன் சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.