வாயில்லாத ஈக்களுக்குக் கொஞ்சம் வெயில்

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. வில்லியனூரில் ஏறிய ஒரு பெண்ணின் மடியில் மூடி போட்ட வாளி. உள்ளே தூறல் விழுவதுபோல ஒரு சத்தம். "இன்னாக்கா அது?" என்றேன். "புழு" என்று மூடியைத் திறந்தும் காட்டினார். கரிக்கலாம்பாக்கத்தில் அவர் இறங்கிவிட்டார். சத்தம் என்னோடு வந்துவிட்டது. பெயர் கேட்கவில்லை. செல்வகுமாரி என்று நானே வைத்துக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: உலகம் வீசியெறிந்ததை உண்டு வாழும் ஓர் உயிரின் தனிமையை…

(அடித்துவிட்டேன். வாளிக்குள் ஆயிரக்கணக்கில் நெளிகின்றன. தனிமையாம்!)

இரண்டாம் தொடக்கம்: நம் எல்லோருக்குள்ளும் ஒரு புழு…

(இதுவும் வேண்டாம். மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளியதில் வந்த கோளாறு. பூச்சியைக் கண்டாலே அது வேறெதையோ குறிப்பதாகத் தோன்றுகிறது. செல்வகுமாரிக்குப் புழு என்றால் கோழித்தீனி.)

3

செல்வகுமாரி கல்யாண மண்டபத்து மிச்சச் சோற்றையும் காய்க்கடைக் கழிவையும் பாதியாய் அறுத்த நீல டிரம்மில் கொட்டிப் புழு வளர்த்தாள். கொழுத்துக் கறுத்த புழுக்கள் காய்ந்த இடம் தேடிச் சாய்வுப் பலகையில் தாமே ஏறி, வாளிக்குள் விழும். அதில் பாதி கோழிக்கு. மீதிப் பாதி ஈயாகி முட்டையிட, விதைநெல் மாதிரி.

பக்கத்து வீட்டு ருக்குமணி மதில்மேல் எட்டிப் பார்த்தாள்.

"ஊர்ல ஆடு வளக்கறாங்க, மாடு வளக்கறாங்க. நீ இன்னாடி, ஈ வளக்கற?"

"இது சோத்துல குந்துற ஈ இல்லக்கா. ஈயானப்புறம் எதுவும் தின்னாது. வாயே கெடையாது."

"வாயில்லாதது எப்பிடிடி உன் வூட்டுக்கு வந்துச்சு?"

கணவன் மணவாளன் தினமும் ஒரே பாட்டு: "நாத்தம் தாங்கல செல்வி. தூக்கிப் போய் ஆத்துல கொட்டு." ஒருநாள் அவள் கடைக்குப் போயிருந்தபோது, சும்மா ஒரு பிடி அள்ளிக் கோழிகளுக்கு வீசினான்.

"செல்வி! ஓடியா! பேய் புடிச்ச மாதிரி தின்னுதுடி!"

தெருமுனையில் திரும்பி வந்துகொண்டிருந்தவள் ஓடிவந்தாள். வாளி காலி. டிரம்மிலும் மிச்சமில்லை; எல்லாம் ஏறி விழுந்து முடிந்திருந்தன.

"முழுசுமா கொட்டுனீங்க?"

"கோழிங்க கேட்டுச்சே!"

(இந்த வரியை எழுதியதும் நாற்காலியை விட்டுத் துள்ளினேன். பிறகுதான் உறைத்தது: விதை போய்விட்டது. கதையும் முடிந்தது.)

4

மணவாளனைக் கொஞ்சம் விவரமானவனாக்கலாமா? அப்படியானால் அவன் கேட்டுவிட்டுத்தான் கொட்டுவான். அப்புறம் கதை ஏது? முதலில் விதை வாங்கிய வில்லியனூரிலேயே மறுபடி வாங்கலாமே என்பீர்கள். விதை கொடுத்தவர் தொழிலையே விட்டுவிட்டார். (விடவைத்தது நான்தான்.)

ஆனால் பலகைக்கு அடியில் ஒரு கைப்பிடிக் கூட்டுப்புழுக்கள் ஒளிந்திருந்தன! செல்வகுமாரி அவற்றைப் பழைய கொசுவலைக்குள் வைத்தாள். சில நாளில் கறுத்து மெலிந்த ஈக்கள் வெளிவந்தன. சேர்த்துக் கட்டிய மரச்சட்டங்களின் இடுக்கில் அவை முட்டையிட வேண்டும். அதற்கு முன் இணை சேர வேண்டும். இணை சேர வெயில் வேண்டும். தின்னாத ஈக்கு ஆயுள் ஒரு வாரம் தாங்கினால் அதிகம். மாதமோ ஐப்பசி.

மணவாளன் இப்போது வலைக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்து கோழி விரட்டினான்.

"வெயிலு கொஞ்ச நேரம் அடிச்சாப் போதுமாடி?"

"என்னை இன்னாத்துக்குக் கேக்கறீங்க? ஆகாசத்தக் கேளுங்க."

5

ஒரு முடிவு: மழை விடவில்லை, ஈக்கள் ஒவ்வொன்றாக… (முடியாது. கிழித்தேன்.)

இன்னொன்று: எங்கிருந்தோ ஒரு பெரிய விளக்கு வந்து… (ஏமாற்று வேலை.)

என்னிடம் இருப்பது ஒரே ஒரு வாக்கியம்.

வெயில் அடித்தது.

"ஏறுது பாருடி! எல்லாம் மேல ஏறுது!" மணவாளன் கத்தினான். வலைக்குள் ஈக்கள் ஜோடி ஜோடியாக மோதிக் கீழே விழுந்து மறுபடி எழும்பின.

மதிலுக்கு மேல் ருக்குமணியின் தலை தெரிந்தது. "இன்னாடி, ஈக்குக் கல்யாணமா?"

"ஆமாக்கா, மொய் எழுதிட்டுப் போ!"

6

மறுநாள். செல்வகுமாரி வலைக்குள் கைவிட்டுச் சட்டங்களின் கட்டை அவிழ்க்கிறாள். முட்டை இருந்தால் இடுக்கில் ரவை ஒட்டியதுபோல வெளிறித் தெரியும். இல்லாவிட்டால் வெறும் மரம்.

வெயிலை என்னால் கொடுக்க முடிந்தது. இடுக்கில் இருப்பதை நான் எழுதமாட்டேன். மணவாளன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். வெயில் இன்னும் இருக்கிறது, சில ஈக்கள் இன்னும் பறக்கின்றன. கிட்டே வந்து நீங்களே பாருங்கள்.

கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். உங்கள் நிழல் வலைமேல் விழுகிறது.